ஊர்க் கழிவுநீரும் நம்ம ஆறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவானி, நொய்யல், அமராவதி, காவிரிக் கரையிலுள்ள பேரூராட்சிகளிலும் சிறு நகராட்சிகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். கணக்குப் போடும் இடங்களில் எல்லாம் 30,000 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர் பாதி என்றால் எண்ணையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

எங்க ஊர்ல பாதாளச் சாக்கடையே இல்லைங்க. அப்ப கழிவுநீர் எங்கதான் போகுது?

இரண்டாகப் பிரிந்து போகிறது. குளியல், துணி துவைப்பு, சமையலறைத் தண்ணீர் தெருச் சாக்கடையில் விழுந்து, பள்ளத்தில் (சிற்றோடையில்) சேர்ந்து, கடைசியில் ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகிறது. கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகிறது. காகிதத்தில் இவ்வளவுதான்.

நடைமுறையில், செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வதில் பாதி செப்டிக் டேங்கே கிடையாது. முறையான தொட்டியில் இரண்டு அறை இருக்கும். முதல் அறை மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. அடித்தளம் சிமென்ட் பூசி, நீர் கசியாமல் இருக்கும். தெளிந்த நீர் மட்டும் வெளியே வந்து உறிஞ்சு குழிக்குள் இறங்கும். நம் பகுதியில் பத்தடி தோண்டுவதற்குள் பாறை தட்டுகிற இடங்கள் ஏராளம். அங்கே உறிஞ்சு குழி உறிஞ்சாது. அதனால் வெளியேறும் குழாயைச் சத்தமில்லாமல் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் அடியே பூசாத உறைக்குழியாக விட்டுவிடுகிறார்கள். கழிவிலிருந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு பாறை இடுக்கு வழியாகக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போய்விடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து இந்த எண் எகிறி வந்தால், பக்கத்துத் தோட்டத்து உரத்தோடு சேர்த்து உங்கள் வீட்டுக் குழியையும் சந்தேகப்படுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர் வரும்?

பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது வடிவமைப்புக் கணக்கு. அதில் 80 விழுக்காடு சாக்கடையாகத் திரும்பும், அதாவது 108 லிட்டர். 30,000 பேருக்கு 32.4 லட்சம் லிட்டர், பேச்சுவழக்கில் 3.24 எம்.எல்.டி. (ஒரு எம்.எல்.டி. என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்). விநாடிக்கு 37.5 லிட்டர்.

இது சராசரி. காலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் இதுபோல் இரண்டரை மடங்கு வரும் என்று வைத்துத்தான் குழாயும் பம்பும் போட வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் குழாயில் சொட்டுத்தான் இருக்கும்.

அழுக்கின் அளவை பி.ஓ.டி. என்ற எண்ணால் சொல்கிறோம். நீரிலுள்ள கரிமப் பொருளைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அது. நம் ஆய்வகங்களில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளக்கிறார்கள். வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 250 மி.கி. என்றால் நம் ஊருக்கு நாளொன்றுக்கு 810 கிலோ.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ள என்னதான் நடக்குது?

முதலில் கம்பிச் சல்லடை. பெரிய கம்பிகள் 20 மி.மீ. இடைவெளியிலும், நுண் சல்லடை 6 மி.மீ. அளவிலும் இருக்கும். ஷாம்பு பாக்கெட், நாப்கின், தலைமுடி, பழந்துணி எல்லாம் இங்கே நிற்க வேண்டும். திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இதோடு பனியன் வேஸ்ட் சேரும். இங்கே தப்பிய ஒரு முழ நூல்கற்றை பம்பின் இம்பெல்லரில் சுற்றிக்கொண்டால் மோட்டார் சூடாகி டிரிப் ஆகும். சல்லடையை ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு தடவையாவது வாரிவிட வேண்டும். அடுத்து மணல் அறை. தெருப்புழுதியும் பாத்திரம் விளக்கிய மண்ணும் இங்கே படியும்.

பிறகு வருவது ஏரேஷன் டேங்க், நிலையத்தின் வயிறு. புளோயர் அனுப்பும் காற்று, அடியிலுள்ள டிஃப்யூசர்கள் வழியாகப் பொடிக் குமிழாக மேலே வரும். பழுப்பு நிறத்தில் கலங்கிக்கொண்டிருப்பதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் திட்டுத்திட்டாக மிதக்கும். அந்தத் திட்டுகளைத்தான் கசடு என்கிறோம். லிட்டருக்கு 3,000 முதல் 4,000 மி.கி. கசடும், 2 மி.கி. கரைந்த ஆக்சிஜனும் இருந்தால் ஆரோக்கியம். நம் ஊருக்கு இந்தத் தொட்டி ஏறக்குறைய 2,300 கன மீட்டர் வேண்டும். தண்ணீர் சுமார் 17 மணி நேரம் உள்ளே இருக்கும்.

அங்கிருந்து கிளாரிஃபையர். காற்றில்லாமல் அமைதியாக நிற்பதால் கசடு அடியில் இறங்கும், தெளிந்த நீர் ஓரத்து வாய்வழியே வழியும். இறங்கிய கசட்டில் பெரும்பகுதி மறுபடி ஏரேஷன் டேங்குக்கே போக வேண்டும். பெருகிய உபரியை மட்டும் தினமும் வெளியேற்ற வேண்டும். எஸ்.பி.ஆர். என்ற இன்னொரு வகை நிலையத்தில் காற்றூட்டுவது, தெளியவிடுவது ஆகிய இரண்டு வேலையும் ஒரே தொட்டியில் நேரம் பிரித்து நடக்கும்.

கடைசியில் குளோரின், குறைந்தது அரை மணி நேரத் தொடர்பு. லிட்டருக்கு 5 மி.கி. என்றால் நம் ஊருக்கு ஒரு நாளைக்கு 16 கிலோ குளோரின். 33 விழுக்காட்டு பிளீச்சிங் பவுடரில் அது ஏறக்குறைய 50 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை இரண்டு. பதிவேட்டில் மாதத்துக்கு ஐந்து மூட்டை என்று எழுதியிருந்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். பழைய மூட்டையில் குளோரின் காற்றில் போயிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நிலையம் சரியா ஓடுதான்னு ஆய்வகம் இல்லாம தெரிஞ்சுக்க முடியுமா?

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியும் கடிகாரமும் போதும். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏரேஷன் டேங்கில் மொண்டு, ஜாடியில் ஊற்றி, நிழலில் ஆடாமல் வைத்து, 30 நிமிடம் பாருங்கள்.

நல்ல கசடு முதல் ஐந்து நிமிடத்திலேயே திட்டுகளாகக் கூடி, மழைமேகம் இறங்குவதுபோல் மொத்தமாகக் கீழே வரும். மேலே நிற்கும் நீரின் வழியாகச் செய்தித்தாள் எழுத்தைப் படிக்கலாம். அரை மணி முடிவில் கசடு 300 மி.லி. கோட்டில் நிற்கிறது, தொட்டியில் கசடு 3,000 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 1,000-ஆல் பெருக்கி 3,000-ஆல் வகுத்தால் 100. இந்த எண் 80 முதல் 150 வரை இருந்தால் கவலையில்லை. 150-ஐத் தாண்டினால் இழை வகை நுண்ணுயிர் பெருகிக் கசடு பஞ்சுபோல் உப்புகிறது. காற்றுப் பற்றாக்குறை, அழுகிப் புளித்த கழிவுநீர், எண்ணெய்ப்பசை ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள்.

ஜாடியை அரை மணியோடு கொட்டிவிடாதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். இறங்கிய கசடு குமிழோடு கட்டிகட்டியாக மேலே எழுந்தால், நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் வாயு கிளம்புகிறது. கிளாரிஃபையரில் கசடு அதிக நேரம் தங்குகிறது என்று பொருள். திருப்பி அனுப்பும் பம்பை இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும். மேல்நீர் கலங்கலாக, கண்ணுக்கே தெரியாத தூளோடு நின்றால் கசடு கிழடு தட்டிவிட்டது. உபரியை வெளியேற்றுவதைக் கூட்டுங்கள். வெள்ளை நுரை பொங்குவது புது நிலையத்தில் சகஜம். அது கசடு இளசாக இருப்பதைக் காட்டும். பழுப்பு நிறத்தில் பாலாடைபோல் தடித்த நுரைதான் தொந்தரவு. அதை வாரி எடுத்து, கசடு காயவைக்கும் உலர்படுக்கையில் கொட்டுங்கள். திரும்பத் தொட்டிக்குள் தள்ளினால் மறுபடி வளரும்.

மின்கட்டணத்தை மிச்சம் பண்ண ராத்திரி புளோயரை நிறுத்தலாமா?

நிலையத்தின் மின்செலவில் பாதிக்கு மேல் புளோயருக்குத்தான் என்பதால் இந்த ஆசை எல்லா ஊரிலும் வருகிறது. இரவு முழுக்க நிறுத்தினால் கசடு தொட்டியடியில் படிந்து கறுத்து, அழுகிய முட்டை வாடை வரும். டிஃப்யூசர் துளையும் அடைபடும். காலை எட்டு மணிக்குப் போட்டதும் வெளியே வருவது சாம்பல் நிறத் தண்ணீர்.

மிச்சம் பிடிக்க வேறு வழி உண்டு. கரைந்த ஆக்சிஜன் மானியைப் பார்த்து, 2 மி.கி.க்கு மேலே போகும்போது வேகத்தைக் குறைக்கும் கருவியைப் புளோயருக்கு மாட்டுங்கள். வீட்டு இணைப்பு பாதிகூட வராத ஊரில் இரண்டு தொட்டியில் ஒன்றை மூடிவிட்டு ஒன்றையே ஓட்டுங்கள். 3 எம்.எல்.டி.க்குக் கட்டிய நிலையத்தில் 0.6 எம்.எல்.டி. விட்டால் நுண்ணுயிருக்குத் தீனி போதாது.

கசடு செத்துவிட்டால் அருகிலுள்ள நல்ல நிலையத்திலிருந்து லாரியில் கசடு கொண்டுவந்து ஊற்றுவதுதான் விரைவான வழி. அது கிடைக்காத இடத்தில் சாணத்தைக் கரைத்து, நார் இல்லாமல் வடிகட்டி விடுவார்கள். வேலை செய்யும், இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும்.

ஐப்பசி மழையில மட்டும் தண்ணி கலங்கலா வருதே?

இரண்டு காரணம். தெரு மழைநீர் மேன்ஹோல் வழியாகக் குழாய்க்குள் புகுந்து, கசட்டைக் கிளாரிஃபையரிலிருந்து அடித்துக்கொண்டு போவது ஒன்று. மற்றது அவ்வளவாகக் கவனிக்கப்படாதது. நம் நிலையத்தில் தினமும் சுமார் 400 கிலோ உபரிக் கசடு உருவாகும். நீரோடு சேர்த்து 50 கன மீட்டர். தடிப்பாக்கும் தொட்டியில் 3 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் 13 கன மீட்டர். அதை 20 செ.மீ. உயரத்துக்கு விரித்தால் ஒரு நாளைக்கு 65 சதுர மீட்டர் உலர்படுக்கை தேவை. சித்திரை வெயிலில் பத்து நாளில் வெடித்துக் காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் காயாது. படுக்கை காலியாகாததால் ஆபரேட்டர் உபரியை வெளியேற்றுவதை நிறுத்துவார். தொட்டியில் கசடு ஏறிக்கொண்டே போய், தீபாவளி சமயத்தில் கிளாரிஃபையர் வழியாக ஆற்றுக்கே போகும். படுக்கைகளில் பாதிக்காவது கூரை போடுங்கள். கூரை கட்டக் காசில்லை என்பவர்கள் அந்தக் கசட்டை ஆற்றில் விடுவதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

செப்டிக் டேங்க் லாரியை நிலையத்துல கொட்டலாமா?

கொட்டலாம், அளவாக. ஒரு லாரி 5,000 லிட்டர். அதில் திடப்பொருள் லிட்டருக்கு 15,000 மி.கி. என்றால் 75 கிலோ. பத்து லாரி வந்தால் 750 கிலோ. ஊர்ச் சாக்கடை முழுவதும் ஒரு நாளில் கொண்டுவருவதே ஆயிரம் கிலோ அளவுதான். பத்தையும் காலை பத்து மணிக்கே வரிசையாகத் திறந்துவிட்டால் ஏரேஷன் டேங்கில் ஆக்சிஜன் சுழியமாகிவிடும். தனித் தொட்டியில் வாங்கி, சல்லடையில் விட்டு, 24 மணி நேரத்துக்குப் பிரித்துச் செலுத்த வேண்டும்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் பொருந்தும். தமிழ்நாட்டில் இதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2014-ல் வந்தன. கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகள் முன்மாதிரிப் பணிக்குத் தேர்வானவை.

லாரியை வாங்குமுன் மூடியைத் திறந்து நிறம் பாருங்கள், மோந்து பாருங்கள், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாளை நனையுங்கள். 6-க்குக் கீழோ 9-க்கு மேலோ போனாலும், சாய நிறமோ டீசல் வாடையோ இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு கணக்கு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நம் ஊரில் 7,500 வீடு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைச் சுத்தம் செய்தால் ஆண்டுக்கு 2,500 லாரி, வேலை நாளுக்கு எட்டு. நிலையத்துப் பதிவேட்டில் இரண்டு லாரிதான் இருக்கிறது என்றால், மீதியில் ஒரு பங்கு சுத்தம் செய்யாத தொட்டிகள். மறுபங்கு ராத்திரியில் ஏதோ ஒரு பள்ளத்தில் கொட்டியாகிறது.

சுத்திகரிச்ச பிறகும் ஆறு ஏன் சுத்தமாகல?

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2017 அறிவிக்கையில் சிறு ஊர்களுக்கு வெளியேறும் நீரின் பி.ஓ.டி. வரம்பு 30. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் அதை 10-ஆகக் குறைக்கச் சொன்னது. உங்கள் நிலையத்துக்கு எந்த எண் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் இருக்கும். குளிக்கத் தகுந்த ஆற்றுநீருக்கு பி.ஓ.டி. 3-க்குள்ளும் கரைந்த ஆக்சிஜன் 5-க்கு மேலும் இருக்க வேண்டும்.

கோடையில் ஆற்றில் விநாடிக்கு 100 லிட்டர், பி.ஓ.டி. 2 அளவில் ஓடுகிறது என்று வையுங்கள். நம் ஊரின் 37.5 லிட்டர் அதில் கலக்கிறது. சுத்திகரிக்காமல் விட்டால் கலந்த நீரில் பி.ஓ.டி. ஏறக்குறைய 70. 30-க்குச் சுத்திகரித்தால் 9.6. 10-க்குச் சுத்திகரித்தாலும் 4.2. சட்டப்படி எல்லாம் சரி, ஆனாலும் கூடுதுறையிலோ கொடுமுடியிலோ இறங்குகிறவருக்கு அது குளிக்கத் தகுந்த நீராகாது. ஆடிப்பெருக்கில் வெள்ளம் வரும்போது இந்தப் பிரச்சினை கண்ணுக்கே தெரியாது. பங்குனி, சித்திரையில்தான் தெரியும்.

நொய்யலில் நிலைமை இன்னும் மோசம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேரும் ஆறு அது. பல இடங்களில் கோடையில் இயற்கை நீரோட்டமே இருக்காது. ஊர்கள் விடுவதுதான் ஆறு. அங்கே நீர்த்துப்போகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழாய் வாயில் வருவதுதான் ஆற்றின் தரம். அதனால் கரையோர ஊர்கள் 10 என்ற எண்ணோடு நின்றுவிடாமல், சுத்திகரித்த நீரைத் தென்னந்தோப்புக்கும் தீவனப் பயிருக்கும் திருப்பிவிடுவதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

முதல் மழையில மீன் செத்து மிதக்குது. நொய்யல்ல நுரை பொங்குது. ரெண்டும் ஒண்ணா?

வேறு வேறு. 30 டிகிரி வெப்பத்தில் நீர் அதிகபட்சம் 7.5 மி.கி. ஆக்சிஜனைத்தான் தாங்கும். கோடை முழுவதும் பள்ளத்திலும் அணைக்கட்டுக்கு மேலும் சேறு தேங்கிக் கிடக்கும். முதல் மழை அதைக் கிளறிவிட்டதும் அது உள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். விடிகாலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பது முதல் அறிகுறி. மழைக்குமுன் வைகாசியிலேயே பள்ளத்தைத் தூர்வாரி, சேற்றைக் கரையிலேயே போட்டுவிடாமல் அப்புறப்படுத்தினால் பெருமளவு தவிர்க்கலாம்.

நுரைக்குக் காரணம் சோப்புத்தூள், சலவைப் பொருள்கள். தடுப்பணையில் நீர் விழும் இடத்தில் காற்றோடு அடிபட்டுப் பொங்குகிறது.

சாயப்பட்டறைத் தண்ணியையும் ஊர் நிலையத்துலயே விட்டா என்ன?

கூடாது. நுண்ணுயிர் உப்பைத் தின்னாது. உள்ளே வரும் உப்பு அப்படியே வெளியே போகும். கரைந்த உப்பின் வரம்பு லிட்டருக்கு 2,100 மி.கி. நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது இதனால்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாற வேண்டியதானது. சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் இல்லாமல் அந்த உப்பை எடுக்க முடியாது.

சுத்திகரிச்ச தண்ணியில வெள்ளாமை பண்ணலாமா?

தென்னை, தீவனச் சோளம், நேப்பியர் புல், மரப்பயிர்களுக்கு நல்லது; தழைச்சத்தும் கூடவே வரும். பச்சையாகத் தின்னும் காய், கீரைக்குப் பாய்ச்ச 100 மி.லி.யில் மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) 1,000-க்குள்ளும், குடற்புழு முட்டை லிட்டருக்கு ஒன்றுக்குள்ளும் இருக்க வேண்டும். தெளிப்பான் வேண்டாம், வாய்க்கால் பாசனம் போதும். ஆண்டுக்கொருமுறை மண்ணின் உப்பு நிலையைச் சோதியுங்கள். காய்ந்த கசட்டைத் தோட்டத்துக்குக் கேட்பவர்கள் உடனே இறைக்காமல், இலைதழையோடு குவித்துச் சூடேற மக்கவைத்துப் போடட்டும்.

கல்யாண மண்டபம், பேக்கரி, மெஸ் வெச்சிருக்கறவங்க என்ன செய்யணும்?

எண்ணெய்ப் பொறி கட்டுங்கள். மூடி திறக்கும்படியான சிறு தொட்டி, நடுவில் தடுப்பு, வெளியேறும் குழாய் அடிமட்டத்திலிருந்து. வாரம் ஒருமுறை மேலாடையை வழித்தெடுத்தால் போதும். முகூர்த்த நாளன்று மண்டபத்துக்கு அன்றே வழிக்க வேண்டியிருக்கும். வழிக்காமல் விட்ட நெய்யும் டால்டாவும் குழாய்க்குள் உறைந்து, ஆறு அங்குலக் குழாய் இரண்டு அங்குலமாகிவிடும். வீட்டில் பினாயிலைத் தினமும் கழிப்பறையில் கொட்டுகிறவர்கள் செப்டிக் டேங்கின் நுண்ணுயிரைத்தான் கொல்கிறார்கள்.

அடைப்பெடுக்க ஆளை இறக்கறாங்க. கேட்டா பழக்கம்ங்கறாங்க.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உயர்த்தியது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வை மரத்துப்போகச் செய்துவிடும். வாடையே இல்லை, இறங்கலாம் என்று சொல்லும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். முதல் ஆளைத் தூக்க இறங்கும் இரண்டாம் ஆளும் இப்படித்தான் சாகிறார். 14420-க்கு அழைத்தால் இயந்திரம் வரும். வரும்வரை தெருவில் வழிந்தால் வழியட்டும், யாரையும் இறக்காதீர்கள்.

வார்டு கூட்டத்துல என்ன கேக்கலாம்?

கடந்த மூன்று மாத லாரிப் பதிவேடு, பிளீச்சிங் பவுடர் வாங்கிய ரசீது, மின்கட்டண ரசீது, உபரிக் கசடு வெளியேற்றிய தேதிகள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்கட்டணம் பாதியாகிப் பி.ஓ.டி. அறிக்கை மட்டும் மாதாமாதம் அதே 18 என்று வந்தால், தண்ணீரை எந்தத் தேதியில், எந்த மணிக்கு, யார் மொண்டது என்று கேளுங்கள்.